காய்கறிப் பெட்டி: தட்டுக்கு மதிப்பெண் உண்டு, மூடிக்கு இல்லை

ஃபிரிட்ஜில் கீரை, காய்கறி வைக்க வாங்கிய மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் துளையிட்ட ஒரு தட்டு, மூடியில் திறந்து மூடும் காற்றுத் துளை, கூடவே ஊதா நிறக் குருணை நிரப்பிய மூன்று பொட்டலங்கள். 'கீரை இரண்டு மடங்கு நாள் தாங்கும்' என்று அட்டையில் போட்டிருந்தார்கள். வாரம் தவறாமல் அரைக் கட்டு கொத்தமல்லியைக் குப்பையில் போடுகிறவளுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

முதல் முயற்சி படுதோல்வி. கொத்தமல்லியை நன்றாகக் கழுவி, இரண்டு உதறு உதறி உள்ளே வைத்தேன். நான்காம் நாள் திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. அடியில் இருந்த இலைகள் கறுத்துக் குழைந்து தட்டின் துளைகளில் அப்பிக்கிடந்தன. திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அத்தை எட்டிப் பார்த்தார். "கழுவியா வைத்தாய்? ஈரத்தோடு வைத்தால் தங்கப் பெட்டியிலும் அழுகத்தான் செய்யும், அம்மா."

அடுத்த வாரம் ஒரே கட்டை மூன்றாகப் பிரித்தேன். எதையும் கழுவவில்லை, வேரை நறுக்கி, பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்தேன். ஒரு பங்கு புதுப் பெட்டிக்கு. இன்னொன்றைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிச் சாதாரண டப்பாவில் வைத்தேன். மூன்றாவதை, பூங்கொத்தை வைப்பதுபோல் டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்தேன். பத்தாம் நாள் பார்த்தபோது டம்ளரில் இருந்ததுதான் அழகு. ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஒருமுறை மறந்ததற்கே தண்டின் அடி வழவழத்துவிட்டது. பெட்டியில் இரண்டு மூன்று இலைகள் மட்டும் மஞ்சள். துணியில் இருந்தது சற்றே வாடியிருந்தது, அவ்வளவுதான். ஆக, சொட்டும் ஈரத்தை இலையிலிருந்து பிரித்து வைக்கும் அந்தத் தட்டுக்குத்தான் நான் பணம் கொடுத்திருக்கிறேன். துணியை அலசிக் காயப்போடும் வேலை மிச்சம் என்பதால் வருத்தமில்லை.

ஊதாப் பொட்டலம் சுவாரசியமான சமாசாரம். பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பக்கத்தில் இருக்கும் கீரையை அது சீக்கிரம் மஞ்சளாக்கும். 1901இல் நெல்யுபோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர், விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் தன் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரவைத்தது என்று கண்டுபிடித்தார். செடிகளே அதை உண்டாக்குகின்றன என்பது 1934இல்தான் உறுதியானது. பொட்டலத்தில் இருக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அந்த வாயுவைச் சிதைக்கும். தீர்ந்ததும் ஊதா பழுப்பாகிவிடும். என் மகன் பாதி ஆப்பிளைக் கீரையோடு போட்டு மூடிவைத்த பெட்டியில் மூன்றே வாரத்தில் பழுப்பாகிவிட்டது. மாற்றுப் பொட்டலம் தனி விற்பனையாம். ஆப்பிளையும் பழுத்த வாழைப்பழத்தையும் கீரைக்குப் பக்கத்தில் வைக்காமல் இருந்தாலே போதுமே!

அட்டைப் படத்தில் தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் பெட்டிக்குள் சிரிக்கின்றன. நம்ப வேண்டாம். காய்த்தக்காளி குளிரில் சரியாகப் பழுக்காது, சுவையும் போய்விடும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாக மாறுவதால் வறுக்கும்போது கருகிவிடும். அதற்கு வெளியே இருட்டான மூலைதான் சரி, வெளிச்சம் பட்டால் பச்சையாகும். வெங்காயம் கேட்பது காற்றோட்டம்.

மூடிதான் எனக்குப் பிடிக்கவே இல்லை. ரப்பர் வளையம் பதியும் பள்ளத்தில் மூன்றாம் வாரமே கரும்பூஞ்சை; பழைய பல்துலக்கியால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு பெட்டியின் காற்றுத் துளை மூடி இப்போதே தொளதொளக்கிறது. உயரம் வேறு அதிகம். ஃபிரிட்ஜின் கீழ் இழுப்பறையில் நுழையாததால் நடுத்தட்டில் வைத்து, பாலைக் கதவுக்கு மாற்றினேன். உட்புறம் 4 டிகிரி இருந்தாலும், திறக்கும்போதெல்லாம் சூடாவது கதவுப் பக்கம்தான். பால் ஒரு நாள் முன்னதாகவே திரிந்தது. மறுநாளே பால் பழைய இடத்துக்குத் திரும்பியது, ஒரு பெட்டி வெளியேறியது.

இப்போது ஒன்றில் கொத்தமல்லியும் புதினாவும், இன்னொன்றில் கேரட். வெளியேறிய மூன்றாவதில் அத்தை தன் மாத்திரைகளை வைத்திருக்கிறார், காற்றுத் துளையை இறுக மூடி.