பையன் வெயிட்டுக்காக ஏறி இறங்குன ரெண்டு இடம் - என் ரிவ்யூ

பையனுக்கு 9 வயசு. ஜனவரில 40 கிலோ, உயரம் 134 செ.மீ. ஸ்கூல்ல "குண்டு"ன்னு கூப்பிட்டு கூப்பிட்டு அவன் பி.டி. பீரியட்னாலே வயித்து வலின்னு படுத்துக்குவான், அதுக்கப்புறம்தான் எங்களுக்கே உறைச்சுது.

மொதல்ல போனது ஒரு வெயிட் லாஸ் சென்டர். பேரு வேணாம். புள்ளைய மெஷின்ல ஏத்தி நிறுத்தி, ஹால்ல அத்தனை பேர் முன்னாடி எடைய சத்தமா வாசிச்சாங்க, அவன் தலைய நிமிர்த்தவே இல்ல. உடனே 18,000 ரூபாய்க்கு மூணு மாச பேக்கேஜ், ராத்திரி சாப்பாட்டுக்கு பதிலா ஷேக் பவுடர்னாங்க. 9 வயசு புள்ளைக்கு! என்ன சாப்பிடுறான், எப்ப தூங்குறான்னு ஒரு வார்த்தை கேக்கல. அட்வான்ஸ் கேட்டப்பவே எந்திரிச்சு வந்துட்டோம். தயவு செஞ்சு குழந்தைங்கள இந்த மாதிரி இடத்துக்கு கூட்டிட்டு போகாதீங்க.

ரெண்டாவது, பாளையங்கோட்டைல ஒரு குழந்தைங்க டாக்டர் கிளினிக். ஃபீஸ் 500 ரூபா. அந்த மேடம் எடைய பாத்ததோட நிறுத்தல, தடுப்பூசி புக், ஸ்கூல் ஹெல்த் கார்டு எல்லாத்தையும் வாங்கி பழைய எடை உயரத்தை ஒவ்வொண்ணா சார்ட்ல புள்ளி வச்சு கோடு இழுத்தாங்க. ஏழரை வயசு வரைக்கும் கோடு ஒழுங்கா போகுது, அதுக்கப்புறம் சர்ருன்னு மேல ஏறுது. பேனாவ அந்த எடத்துல வச்சுக்கிட்டே "இந்த நேரத்துல வீட்ல என்னம்மா நடந்துச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கு பேச்சே வரல. எங்க மாமனார் தவறினது அப்பதான்.

தாத்தாதான் தெனம் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வருவாரு, வழியில பேக்கரில ஒரு கிரீம் பன் வாங்கிக் குடுத்து கிரவுண்டுல ஒரு மணி நேரம் விளையாட விட்டு கூட்டிட்டு வருவாரு. அவரு போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறதால பையன் நாலு மணில இருந்து ஆறரை வரைக்கும் தனியா டிவி முன்னாடி. விளையாட்டு நின்னுச்சு, பன்னு நிக்கல, கூட பிஸ்கட்டும் சேந்துச்சு. மேடம் என்னை வெளிய உக்கார சொல்லிட்டு அவன்கிட்ட தனியா பேசினாங்க, பசிக்காதப்பவும் வீடு அமைதியா இருந்தா சாப்பிடத் தோணும்னு சொல்லிருக்கான். இத்தனை நாளா எங்ககிட்ட அவன் சொன்னதே இல்ல.

உடம்பு சைடையும் விடல. எல்லாரும் தைராய்டு தைராய்டுன்னு பயமுறுத்தினாங்க, மேடமோ தைராய்டு கொறஞ்சா பொதுவா உயரம் வளர்றதும் கொறஞ்சிரும், இவன் நல்லா வளர்றான்னு சொன்னாங்க. ஆனா கழுத்து பின்னாடி கருப்பா இருந்துச்சே, நான் அழுக்குன்னு நெனச்சு தேங்காநார் வச்சு தேச்சுக்கிட்டு இருந்தேன், அது இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அறிகுறியாம். சுகர், கொழுப்பு, லிவர் டெஸ்ட் மட்டும் எழுதினாங்க. அப்புறம் தூக்கம். ராத்திரி 11 வரைக்கும் போன், காலைல 6க்கு ஸ்கூல் வேன், ஆக 7 மணி நேரம்கூட இல்ல. இந்த வயசுக்கு 9ல இருந்து 12 மணி நேரம் வேணுமாம், தூக்கம் கொறஞ்சா பசிய தூண்டுற ஹார்மோன் கூடிரும்னு சொன்னாங்க. ரெண்டு வேளை பால்ல கலந்து குடுத்த சத்து மாவு டப்பாவையும் நிறுத்தச் சொன்னாங்க, அதுல இருக்கிற சர்க்கரைய நான் அதுவரைக்கும் திருப்பிப் பாத்ததே இல்ல. 2024 ஏப்ரல்லயே இந்த மாதிரி பானங்கள ஆன்லைன் கடைங்க "ஹெல்த் டிரிங்க்" லிஸ்ட்ல போடக்கூடாதுன்னு மத்திய அரசு சொல்லிருக்கு, எத்தனை அம்மாங்களுக்கு தெரியும்?

டயட் சார்ட்னு தனியா ஒண்ணும் தரல, வீட்டு இட்லி, சாம்பார், கீரைதான். பட்டினி போடக்கூடாது, சாப்பாட்ட வச்சு திட்டவும் கூடாது, பரிசாவும் குடுக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஷிப்ட் மாத்திக்கிட்டு சாயங்காலம் அவன கிரவுண்டுக்கு கூட்டிட்டு போறாரு. நாலு மாசத்துல எடை அதே 40தான், ஆனா உயரம் 136. வளர்ற புள்ளைக்கு எடை ஏறாம இருந்தாலே போதும்னாங்க.

குறைன்னா, டோக்கன் போட்டும் ரெண்டு மணி நேரம் வெயிட்டிங். கீழ மருந்து கடைல சாக்லேட்ட புள்ளைங்க கண்ணுக்கு நேரா அடுக்கி வச்சிருக்காங்க, மேடம்கிட்டயே சொல்லிட்டேன். 5க்கு 4 ஸ்டார்.

எந்த டாக்டர்கிட்ட போனாலும் தடுப்பூசி புக்கையும் ஸ்கூல் கார்டையும் மறக்காம எடுத்துட்டு போங்க. எங்களுக்கு அந்த ரெண்டும் இல்லன்னா அந்த கோடு தெரிஞ்சிருக்காது.