வீசிங்குக்கு மாத்திரையா, மிஷினா, இன்ஹேலரா?

மார்கழிப் பனியில் லேசாக ஆரம்பிக்கும் அம்மாவின் வீசிங், தை, மாசியில் மா பூக்கும்போது உச்சத்துக்குப் போகும். கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் காவேரிப்பட்டினத்தைச் சுற்றி மாந்தோப்புகள்தான். பூவா, பூவுக்கு அடிக்கும் மருந்தா, பனியா, எது கிளப்பிவிடுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பல வருடம் சால்பூட்டமால் மாத்திரையில் ஓடியது. அப்புறம் வீட்டுக்கே, மருந்தைப் பனிபோல் ஆக்கி மாஸ்க் வழியாகத் தரும் ஒரு நெபுலைசர் மிஷின் வாங்கினோம். இப்போது ஸ்பேசர், அதாவது வாய்க்கும் இன்ஹேலருக்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் கூடு, வைத்து இன்ஹேலர். மூன்றையும் கூட இருந்து பார்த்ததில் என் ஓட்டு இன்ஹேலருக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருமல் சிரப்பை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் போன்றவை மூளையில் இருமலைக் கிளப்பும் இடத்தை அடக்கும், அவ்வளவுதான். சுருங்கிய மூச்சுக்குழாய் சுருங்கியபடியே இருக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வீசிங்குக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

வீசிங்கில் இரண்டு காரியம் நடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உள்பக்கம் வீங்கிச் சளி சேர்கிறது. முதலாவதற்கு சால்பூட்டமால். அந்தத் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளில் அது போய் ஒட்டிக்கொண்டால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருள் கூடும், தசை தளரும், காற்று போக வழி கிடைக்கும். 1969இல் விற்பனைக்கு வந்த பழைய மருந்து, இன்னும் அதற்கு மவுசு குறையவில்லை. ஆனால் வீக்கத்தை அது தொடாது. அதற்கு புடசொனைடு போன்ற ஸ்டீராய்டு வேண்டும். அது செல்லுக்குள் போய், வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களின் உற்பத்தியையே குறைக்கிறது. அதனால்தான் பலன் தெரிய நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகிறது.

சரி, மாத்திரையோ மிஷினோ இன்ஹேலரோ, மருந்து ஒன்றுதானே? ஒன்றுதான். அது போகும் பாதை வேறு. எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பாதைதான்.

4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்றால் 4000 மைக்ரோகிராம். அது குடலில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ஒரு பங்கை அங்கேயே மாற்றிவிடுகிறது. மிச்சம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, அதில் சிறு பங்குதான் மூச்சுக்குழாய்க்கு. வேலை ஆரம்பிக்கவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். கைத் தசையிலும் பீட்டா-2 உண்டு என்பதால் நடுக்கம் வருகிறது, இதயம் படபடக்கிறது. மாத்திரை போட்ட நாளில் அம்மா காபி டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும்.

இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு எடுத்தாலும் 200தான், அதாவது அந்த மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. சில நிமிடத்தில் மூச்சு இளகும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் செடியின் வேருக்குச் சொட்டுநீர் விடுவதும், வயல் முழுக்கப் பாய்ச்சுவதும் போலத்தான் இது.

ஸ்டீராய்டுக்கும் இதே கணக்கு. பிரெட்னிசொலோன் மாத்திரையை 30, 40 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். புடசொனைடு இன்ஹேலரில் 200, 400 மைக்ரோகிராம். தொண்டையில் ஒட்டி விழுங்கிப்போகும் புடசொனைடிலும் சுமார் 90 விழுக்காட்டைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடும். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும் என்று ஊரில் ஸ்டீராய்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுவதால் வருபவை. அதிக அளவில் எடுத்தால் இன்ஹேலரிலும் கொஞ்சம் உண்டு. வாயில் வெள்ளைப் பூஞ்சை படியாமல் இருக்க ஒவ்வொரு முறையும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இதில் சலுகையே கிடையாது.

மிஷினும் நேராக நுரையீரலுக்குத்தான் அனுப்புகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும், பழக்கம் எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரு ரெஸ்பியூலில், அதாவது ஒரு வேளைக்கான சின்ன மருந்துக் குப்பியில், 2.5 மில்லிகிராம் போட்டு, அதில் நிறைய கப்பில் தங்கியும் காற்றில் கலந்தும் வீணாகிறது. பத்து நிமிடம் சத்தத்தோடு உட்கார வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கப்பையும் மாஸ்க்கையும் கழுவிக் காய வைக்காவிட்டால் மிச்ச ஈரத்தில் கிருமி வளரும், அடுத்த முறை அதையும் சேர்த்து இழுக்க வேண்டியதுதான். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ரட்ரோபியம் கலந்தது என்றால் மாஸ்க் ஓரமாகக் கசிந்து கண்ணில் படக் கூடாது, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தோப்புக்கோ தேன்கனிக்கோட்டைக் குளிரில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ மிஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? இன்ஹேலர் அம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கும். மிகக் கடுமையாகாத வீசிங்கில் ஸ்பேசரோடு இன்ஹேலர் கொடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் நான் சொன்ன லாபத்தில் பாதி போய்விடும். பீய்ச்சி வரும் மருந்து வேகத்தில் தொண்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். ஸ்பேசருக்குள் வேகம் தணிந்து, 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துகள்கள் மிதந்து நிற்கும், அவைதான் உள்ளே ஆழமாகப் போகும். குலுக்கிவிட்டு ஒரு நேரத்தில் ஒரு அழுத்தல். மெதுவாக இழுத்து, முடிந்தால் பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துணியால் துடைக்காமல் அப்படியே காய விட வேண்டும். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாங்க வழியில்லை என்றால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளை போட்டும் பயன்படுத்தலாம். 1999இல் தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இது ஈடுகொடுப்பதைக் காட்டினார்கள். இன்னொன்று: 200 அழுத்தல் முடிந்த பிறகும் டப்பா பீய்ச்சும், ஆனால் வருவது பெரும்பாலும் வாயுதான், மருந்தை நம்ப முடியாது. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

காப்ஸ்யூலைப் போட்டுப் பொடியாக இழுக்கும் ரோட்டாஹேலரை நாங்கள் கொஞ்ச நாள்தான் பார்த்தோம், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். விலை குறைவு. ஆனால் வேகமாக இழுத்தால்தான் பொடி பிரியும், மூச்சு முட்டும் நேரத்தில் அம்மாவால் அது ஆகவில்லை. வீசிங்குக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான டெரிஃபிலின் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அதிலுள்ள தியோஃபிலினுக்குப் பலன் தரும் அளவும் விஷமாகும் அளவும் நெருக்கமானவை என்பதால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் இருக்கும் மாமா, நானும் இதை அடித்துக்கொள்ளலாமா என்றார். கல் தூசியால் நுரையீரலில் விழுந்த தழும்பை எந்த இன்ஹேலரும் அழிக்காது, முதலில் எக்ஸ்ரே எடுங்கள் மாமா என்றேன். இன்னும் எடுக்கவில்லை.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் வேண்டாம், அது போதை மருந்து இல்லை. கவலைப்பட வேண்டியது சால்பூட்டமாலை மட்டும் அடித்துக்கொண்டு காலம் தள்ளுவதைப் பற்றித்தான். உள்வீக்கம் அப்படியே இருக்கும். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலும் ஸ்டீராய்டு இல்லாமல் சால்பூட்டமாலைத் தனியாகக் கொடுக்கப் பரிந்துரைப்பதில்லை. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் எது சிறந்தது என்ற பேச்சே வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஸ்பேசர் வழியாக, அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு ஒவ்வொரு அழுத்தலாகப் பத்து வரை கொடுக்கலாம்.