பெங்களூருக்கு நர்ஸ் வேலை தேடி வருகிறீர்களா? ஒரிஜினலைக் கையை விட்டுவிடாதீர்கள்

போன வாரம் காலேஜில் எனக்கு ஜூனியராக இருந்த பெண் போன் செய்தாள். "அக்கா, மடிவாளாவில ஒரு சென்டர் இருக்காம். இன்டர்வியூவுக்கு ட்ரெயினிங் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில வேலையும் வாங்கித் தர்றாங்களாம். சேரலாமாக்கா?" பெயரைக் கேட்டேன், புதுப் பெயர். இடத்தைக் கேட்டேன். பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடி, குறுகலான படி என்றாள். போன வருஷம் நான் ஏறிய அதே படி. போர்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு ஊர் தர்மபுரிப் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துகொண்டு ஜூன் மாதம் இங்கே வந்தேன். விவேக்நகரில் குழந்தை யேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அத்தை வீடு. வந்த நாலாவது நாளே அந்த சென்டரில் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த மேடம் முதல் பத்து நிமிஷத்தில் என்னை நன்றாகப் பயமுறுத்தினார். "ஃப்ரெஷர்னா யாரும் உள்ளேயே விடமாட்டாங்க. கன்னடம் தெரியாது. இங்கிலீஷும் சுமார். எங்க மூலமா போனா மட்டும்தான் ஸ்லாட்." ஃபீஸ் 18,000 ரூபாய். 8,000 கையில் கொடுத்தேன், ரசீது இல்லை. மீதி 10,000 ஜிபேயில் போட்டேன். அப்போது திரையில் வந்தது சென்டரின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதைப் பார்த்தும் அனுப்பினேனே, அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

அப்புறம் ஒரிஜினல்கள். டிகிரி, நாலு வருஷ மார்க் ஷீட், கவுன்சில் பதிவுச் சான்றிதழ், பத்தாவது, பன்னிரண்டாவது என எல்லாவற்றையும் "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி, என் கண் முன்னாலேயே மூலையில் ஸ்டேப்ளர் அடித்து ஒரு காக்கிக் கவரில் போட்டார்கள். பதிவுச் சான்றிதழில் ஸ்டேப்ளர் அடிக்கிற ஆளிடம் எனக்கு என்ன வேலை என்று அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

வகுப்பு இரண்டு வாரம். ஏழு பேர் இருந்தோம். நாற்பது பக்க ஜெராக்ஸ் நோட்ஸ் ஒன்று கொடுத்தார்கள், அது எந்தக் காலத்து நோட்ஸோ. பெரியவர்களுக்கு ஒருவர் தனியாக சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது) கொடுக்கும்போது 15-க்கு 2 என்று இருந்தது. அது மாறி எத்தனையோ வருஷமாகிறது. இப்போது 30 அழுத்தம், 2 மூச்சு, நிமிஷத்துக்கு 100 முதல் 120. (குழந்தைக்கு இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது மட்டும் 15-க்கு 2.) ஆஸ்பத்திரிக் கழிவுப் பைகளில் கறுப்புப் பையும் இருந்தது. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்தான். நான் எழுந்து சொன்னேன். பாடம் எடுத்தவர், "இன்டர்வியூல இப்படித்தான் கேப்பாங்க, எழுதிக்கோங்க" என்றார். வார்டில் ஒரு நாளாவது நின்றிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் என்ன பதில் என்று ஐந்து வரி இங்கிலீஷ் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஏழு பேருக்கும் ஒரே ஐந்து வரி.

மூன்றாவது சனிக்கிழமை ஓசூர் ரோட்டில் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு எங்களில் நாலு பேரை அனுப்பினார்கள். "நம்ம ஸ்பெஷல் ஸ்லாட்" என்றார் மேடம். கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது: ஸ்டாஃப் நர்ஸ் வாக்-இன் (நேராக வரும் யாருக்கும் இன்டர்வியூ), ஃப்ரெஷர்களும் வரலாம், காலை 9 முதல் 12 வரை, ஒரிஜினலும் ஒரு செட் ஜெராக்ஸும் கொண்டுவரவும். உள்ளே அறுபது பேராவது இருந்திருப்பார்கள். எங்கள் நாலு பேரைத் தவிர யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுத்து வந்தவர்கள் இல்லை.

நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மலையாளி, தமிழும் நன்றாகப் பேசினார். எனக்கு முன்னால் போனவள் எங்கள் சென்டர் பெண். அவள் சொன்ன அதே ஐந்து வரியை நானும் சொன்னேன். சூப்பரின்டெண்டென்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா?" என்று கேட்டார்.

பிறகு மேஜை டிராயரிலிருந்து பிரிக்காத ஒரு ஐ.வி. செட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "500 எம்.எல். நார்மல் சலைன், எட்டு மணி நேரம் போகணும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?" சென்டரில் ஒரு எம்.எல்.லுக்கு 15 சொட்டு என்று உரு ஏற்றி வைத்திருந்தார்கள். 16 என்றேன். "கையில இருக்கிற பாக்கெட்டைப் படிம்மா." பொடி எழுத்தில் 1 எம்.எல். என்றால் 20 சொட்டு என்று போட்டிருந்தது. 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிஷத்தால் வகுத்தால் 21. இதே பாக்கெட்டைப் படித்துத்தான் நான் மூன்று வருஷம் கிளினிக்கல் போஸ்டிங்கில் ட்ரிப்ஸ் போட்டிருக்கிறேன். இரண்டு வாரத்தில் அதை மறக்க வைத்துவிட்டார்கள்.

மற்ற கேள்விகளுக்குத் தப்பித்தேன். இந்த செட்டை எந்தப் பையில் போடுவாய் (சிவப்பு, ஊசி மட்டும் வெள்ளை டப்பா). ஊசி கையில் குத்திவிட்டால் என்ன செய்வாய் (பிதுக்கக் கூடாது, சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே இன்சார்ஜிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது). பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் தள்ளலாமா (தள்ளினால் இதயம் நின்றுவிடும், கரைத்து மெதுவாகத்தான்). எல்லாம் எங்கள் காலேஜ் மேடம் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவை.

கடைசியில் ஹெச்.ஆர். மேஜை. "ஒரிஜினல் காட்டுங்க." சென்டரில் இருக்கிறது என்றேன். அவர், "எந்த சென்டர்? எங்களுக்கு ஏஜென்ட்டே கிடையாது" என்று ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். நாலு பேருக்கும் அதே கதிதான்.

அன்று சாயங்காலமே சென்டருக்குப் போய் ஒரிஜினலைக் கேட்டேன். "பாதியில் விலகினால் கேன்சலேஷன் 10,000 கட்டணும்" என்றார் மேடம். வீட்டில் வந்து அழுதேன். அத்தை, "பணம் போனாப் போகுது கண்ணு, காயிதத்தை வாங்கிடலாம்" என்றார். எச்.ஏ.எல்.லில் ரிட்டையரான மாமா மறுநாள் என்னோடு வந்தார். உட்காரக்கூட இல்லை. கன்னடத்தில் இரண்டே வாக்கியம் பேசினார். ஸ்டேஷன் என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. கவர் ஐந்து நிமிஷத்தில் வந்தது. பணம் வரவில்லை. ஜிபேயில் போன 10,000-க்கு சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-இல் புகார் பதிந்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்துத்தான் பதிந்தேன். அந்த நம்பருக்குப் பணம் போன உடனே கூப்பிட வேண்டும், அப்போதுதான் வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. கையில் கொடுத்த 8,000-க்கு அத்தாட்சியே இல்லை.

எங்கள் ஏழு பேரில் ஒருத்தி இன்னும் 5,000 கொடுத்து, ஒரு வருஷம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ் வாங்கினாள். எனக்கும் அதை நீட்டினார்கள். அவளுக்கு வேலை உடனே கிடைத்தது. மூன்றாவது வாரம் ஹெச்.ஆர். அந்தச் சான்றிதழில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அன்றே அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை அவள் எங்கள் யாருடைய போனையும் எடுப்பதில்லை.

கவுன்சில் பதிவை வைத்தும் பணம் பிடுங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பதிந்தவர்கள் இங்கே வேலை செய்யக் கர்நாடக நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும். அது உண்மை. அதை "நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லி 7,000 கேட்டார்கள். அதற்கு விண்ணப்பிக்க நடுவில் ஆள் வேண்டாம், நானே செய்தேன். கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். துபாய், சவூதி என்று ஆரம்பித்தால் இன்னும் உஷாராக இருங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும், அது இருக்கிறதா என்று மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். லைசென்ஸ் உள்ளவர்களே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே சென்னையில் இருக்கிறது.

அடுத்த இன்டர்வியூவுக்கு நான் செய்த தயாரிப்பு இவ்வளவுதான்: பழைய போஸ்டிங் டைரியைப் புரட்டி, நானே பார்த்த ஐந்து நோயாளிகளைப் பற்றி என் வார்த்தையில் சொல்லிப் பார்த்தேன். ட்ரிப்ஸ் கணக்கு தினமும் பத்து போட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொஞ்சம் கன்னடம் கற்றேன். "எல்லி நோவு?" (எங்கே வலி?), "ஊட்ட ஆய்த்தா?" (சாப்பாடு ஆயிற்றா?) நோவு நம் வார்த்தைதான், ஊட்டமும் ரொம்ப தூரமில்லை. அந்த சென்டர் மேடம் சொன்ன அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது இருப்பது அறுபது படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. சேர்ந்த அன்று ஹெச்.ஆர். பையன் என் ஒரிஜினல்களை ஒவ்வொன்றாக ஜெராக்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பதிவுச் சான்றிதழின் மூலையில் இருந்த இரண்டு ஸ்டேப்ளர் ஓட்டையைத் தடவி, "இது என்ன சிஸ்டர்?" என்றான். பெரிய கதை என்றேன். எல்லாவற்றையும் அடுக்கி அப்போதே என் கையில் திருப்பிக் கொடுத்தான்.