கதவுக்கு அப்பால் ஒரு கொலை: 1979ஆம் ஆண்டு ‘மெக்பெத்’ டிவிடி

டிரெவர் நன் இயக்கி, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976இல் மேடையேற்றிய ‘மெக்பெத்’ நாடகத்தைத் தேம்ஸ் தொலைக்காட்சி ஸ்டூடியோவில் ஒளிப்பதிவு செய்து 1979இல் ஒளிபரப்பியது. அதன் டிவிடியை இரண்டு முறை முழுமையாகவும், இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை மட்டும் கணக்கில்லாத முறையும் பார்த்திருக்கிறேன். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த ஒரு காட்சியையே சுற்றி வரும். மெக்பெத்தை யார் தயாரித்தாலும் அதன் தரம் அங்கே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

எண்பது வரிகள்கூட இல்லாத காட்சி அது. மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மெக்பெத் வருகிறான், குறுவாள்களை அங்கேயே விடாமல் கையோடு கொண்டுவந்துவிடுகிறான், திரும்பிப் போக அஞ்சுகிறான், மனைவி அவற்றை வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருகிறாள், கதவு தட்டப்படுகிறது. கொலையை நாம் பார்ப்பதே இல்லை. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் மெக்பெத் டங்கனைக் கொல்வது இப்படி அன்று. விருந்தாளியாக வந்த அரசனை வீட்டுக்குள்ளேயே, மனைவியின் தூண்டுதலால் கொல்லும் நிகழ்ச்சி அதே நூலில் டான்வால்ட் என்பவன் டஃப் மன்னனைக் கொன்ற கதையிலிருந்து வந்தது. எடுத்தாண்ட அந்தக் கொலையையும் மேடைக்கு வெளியே தள்ளிவிட்டு, அதன் ஓசைகளை மட்டும் நமக்கு விட்டுவைத்ததில்தான் நாடகாசிரியனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ரோமன் போலன்ஸ்கியின் 1971ஆம் ஆண்டுத் திரைப்படம் கொலையைக் கண்முன் காட்டுகிறது. அங்கே பார்வையாளருக்கு அதிர்ச்சி கிடைக்கிறது. ஆனால் காத்திருக்கும் அவஸ்தை கைநழுவிப் போகிறது.

நன் அந்த அவஸ்தையையே மூலதனமாக வைத்திருக்கிறார். ஸ்ட்ராட்ஃபோர்டில் ‘தி அதர் பிளேஸ்’ என்ற தகரக் கொட்டகைச் சிற்றரங்கத்துக்காக உருவான தயாரிப்பு என்பதால் இதில் கோட்டையும் இல்லை, படாடோபமும் இல்லை. சுற்றிலும் இருள், நடுவே முகங்கள், அவ்வளவுதான். ஆந்தையும் சில்வண்டும் கத்தியதைச் சொல்லும்போது ஜூடி டென்ச்சின் லேடி மெக்பெத் குரலை உயர்த்துவதில்லை. “நீ பேசவில்லையா?”, “எப்போது?”, “இப்போது”, “நான் இறங்கி வரும்போதா?” என்று நான்கு துண்டுகளாக உடைந்து இருவர் வாயிலும் மாறிமாறி வரும் அந்த உரையாடலைப் பெரிய அரங்குகளில் கடைசி வரிசைவரை கேட்கும்படி முழங்கியாக வேண்டும், இங்கே கேமரா அருகில் இருப்பதால், அடுத்த அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்ற நினைப்பு மாறாத இருவர் பேசுவதுபோலவே அது காதில் விழுகிறது.

இயன் மெக்கெல்லனின் மெக்பெத்துக்குத் தான் செய்த செயலைவிட, ‘ஆமென்’ என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டதுதான் பெரிய புதிராக இருக்கிறது. கொன்றவன் பிரார்த்தனை வரவில்லையே என்று மாய்ந்துபோவதில் ஒரு குழந்தைத்தனம் உண்டு. அதை அவர் மறைக்காமல் நடித்திருப்பதால் நமக்கு அவன்மீது இரக்கமும் அருவருப்பும் ஒருசேர எழுகின்றன. மறுபக்கம் டென்ச், தூங்கும் மன்னன் தன் தந்தையைப் போல இருந்திராவிட்டால் தானே செய்திருப்பேன் என்று சொல்லும் இடம். அவள் கட்டிவைத்த திடத்தில் விழுந்த முதல் கீறல் அதுதான். கொஞ்சம் தண்ணீர் போதும், கறை போய்விடும் என்று அவள் சொல்வதை நம்ப முடியாமல் போவதற்கும், ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துக்கொண்டு அவள் எழுப்பும் ஓலத்துக்கும் விதை இங்கேயே விழுந்துவிடுகிறது.

டங்கனாக வரும் கிரிஃபித் ஜோன்ஸையும் சொல்லாமல் விடக் கூடாது. வெள்ளை அங்கியணிந்து, நடக்கவே தள்ளாடும் பக்திமானாக முன்னரே அவரைக் காட்டிவிட்டதால், கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை நம் மனமே வரைந்துகொள்கிறது.

பிறகு அந்தத் தட்டல். அதைக் கேட்கும்போது ஏன் உள்ளம் பதறுகிறது என்று விளக்க ஆங்கிலக் கட்டுரையாளர் டி குவின்ஸி 1823இல் தனிக் கட்டுரையே எழுதினார்: கொலையின்போது நின்றுபோன மனித உலகம் மறுபடி இயங்கத் தொடங்கிவிட்டதைத் தட்டல் அறிவிக்கிறது என்பது அவர் விளக்கம். இத்தயாரிப்பில் அது சரியாகவே வேலை செய்கிறது. அடுத்து வரும் வாயிற்காவலன் காட்சிதான் எனக்கு ஒட்டவில்லை. இயன் மெக்டியார்மிட் திறமைசாலி என்றாலும், அதுவரை திரண்டிருந்த இறுக்கத்தை அவருடைய வேடிக்கை தேவைக்கு மேல் தளர்த்திவிடுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். படத்தில் இருள் மிகுதி. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பாதி முகங்கள் தெரியாது. போர்க்களமும் குதிரைகளும் எதிர்பார்ப்பவர்கள் போலன்ஸ்கியிடமே போகலாம். மற்றவர்கள் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். தட்டும் ஓசையால் டங்கனை எழுப்பிவிடு, உன்னால் முடிந்தால் நல்லது என்று மெக்கெல்லன் சொல்லும் வரி, ஸ்பீக்கரில் எனக்குச் சரியாகக் கேட்கவே இல்லை.