மறுபரிசீலனையா, புதிய விண்ணப்பமா? ஆங்கிலச் சான்றால் மறுக்கப்பட்ட பிரிட்டன் வேலை விசா

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசா ஆங்கிலச் சான்றின் குறையால் மறுக்கப்பட்டால், சென்னையில் எல்லோரும் முதலில் சொல்வது "அப்பீல் போடுங்கள்" என்பதுதான். மனித உரிமை சார்ந்த கோரிக்கை இல்லாத நிலையில், இந்த விசாவுக்குத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை கிடையாது. முடிவெடுத்த பிரிட்டன் உள்துறையிடமே நிர்வாக மறுபரிசீலனை கோரலாம்; இல்லையேல் புதிதாக விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியும் உண்டு என்றாலும், அதன் செலவு பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது.

என் சித்தி மகனுக்கு வந்த மறுப்புக் கடிதத்தை அம்பத்தூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, வரி வரியாகப் படித்தோம். புள்ளிக் கணக்கில் தரப்படும் இந்த விசாவில், ஆங்கிலத்துக்கு உரிய 10 புள்ளிகளில் ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரி கொடுத்த கடிதமே போதும் என ஏஜென்ட் சொன்னதை நம்பி, அதை மட்டும் இணைத்திருந்தான். இந்தியப் பட்டத்தைச் சான்றாகக் காட்ட, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பிரிட்டன் அமைப்பான எக்டிஸின் உறுதிச்சான்று வேண்டும். அது கோப்பில் இல்லை.

மறுபரிசீலனைக்கு 80 பவுண்டு கட்டணம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு, முடிவு கைக்குக் கிடைத்ததிலிருந்து 28 நாள் கெடு. ஏற்கெனவே கொடுத்த ஆவணங்களைப் பார்த்ததில் அதிகாரி தவறினாரா என்பதை மட்டுமே அதில் ஆராய்வார்கள். விடுபட்ட சான்றைப் பின்னால் சேர்த்து அனுப்பினால் பொதுவாகக் கணக்கில் கொள்ள மாட்டார்கள். ஆகவே சித்தி மகனின் நிலையில் இருப்பவருக்கு இந்த வழியால் பணமும் நாளும்தான் வீணாகும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியவருக்கும் இதே கதிதான்: கேள்வித்தாளும் மதிப்பீடும் ஒன்றே என்றாலும், இந்த விசாவுக்கு யூகேவிஐ (பிரிட்டன் உள்துறையின் விசாப் பிரிவு) வகைத் தேர்வுதான் செல்லும், அதன் சான்றிதழில் யூகேவிஐ எண் இருக்கும். அந்த எண்ணும் தேவையான மதிப்பெண்ணும் இருந்து, இரண்டு ஆண்டுச் செல்லுபடிக் காலமும் முடியாதிருக்க, அதிகாரி கவனிக்காமல் மறுத்திருந்தால், தயங்காமல் மறுபரிசீலனை கோர வேண்டும். தவறு அவர்களுடையது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

புதிய விண்ணப்பத்தில் குறையைச் சரிசெய்யலாம், ஆனால் விசாக் கட்டணத்தை மறுபடி முழுதாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று முன்பு கட்டிய சுகாதாரக் கட்டணம் மறுப்புக்குப் பின் திரும்பிவிடும். உண்மையான சிக்கல், வேலை தரும் நிறுவனம் ஒதுக்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் இருக்கிறது: மறுக்கப்பட்ட விண்ணப்பத்தில் பயன்பட்டதை மீண்டும் பயன்படுத்த முடியாது, நிறுவனம் புதிதாக ஒன்று ஒதுக்க வேண்டும். அதோடு, 2026 ஜனவரி 8 முதல் புதிய விண்ணப்பதாரருக்கான ஆங்கிலத் தகுதி, மொழித்திறன் அளவுகோலில் பி1 நிலையிலிருந்து அதற்கு அடுத்த பி2 நிலைக்கு உயர்ந்துவிட்டது. ஐஇஎல்டிஎஸ் கணக்கில், நான்கு பிரிவிலும் 4.0 போதும் என்றிருந்தது இப்போது 5.5. அந்தத் தேதிக்கு முன் பி1 சான்றோடு விண்ணப்பித்து, அதிகாரியின் தவறால் மறுக்கப்பட்டவர் அவசரப்பட்டுப் புதிதாக விண்ணப்பித்தால், உயர்ந்த தகுதியைக் காட்ட வேண்டிவரும்.

இரண்டையும் ஒருசேர நடத்தவும் இயலாது. புதிய விண்ணப்பம் போட்டவுடன் மறுபரிசீலனைக் கோரிக்கை ரத்தாகிவிடும்.

சித்தி மகன் மறுபரிசீலனைக்குப் போகவில்லை. அன்றிரவே நிறுவனத்தின் எச்ஆருக்கு, நேர்ந்த தவறை மறைக்காமல் எழுதி, புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தர முடியுமா என்று கேட்டான். முடியும் என்று பதில் வந்த பிறகே எக்டிஸுக்குப் பணம் கட்டினான்.