கண்டியில் பழைய காயப் பதக்கம் வாங்கப் போகிறவர்களுக்கு

கண்டி கொழும்பு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் இருக்கிற கடை இது. பெயர்ப்பலகை கிடையாது. கீழே புடவைக் கடையில் "பழைய காசு நானா" என்று கேட்டால் படியைக் காட்டுவார்கள். காசு, முத்திரை, துரை பங்களா ஏலத்தில் வந்த பீங்கான், மணிக்கூடு எல்லாம் உண்டு. நான் ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போவது போரில் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்த பதக்கங்களுக்காக. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

எந்தப் பதக்கத்தைக் கேட்டாலும் நானா அதைக் கவிழ்த்துத்தான் வைப்பார். முகத்தைப் பார்த்து விலை பேச விடமாட்டார். கையில் பத்து மடங்கு லென்ஸையும் தந்துவிடுவார். இதற்காகவே அந்தப் படி ஏறலாம்.

கடைசியாகப் போனபோது ஜேர்மன் கறுப்புப் பதக்கம் ஒன்று காட்டினார். 1918 மார்ச்சில் ஜேர்மன் பேரரசர் கைசர் தொடங்கிய முறை: ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்தும் அதற்கு மேலும் போனால் தங்கம். இது 1939 வகை, ஹெல்மெட்டின் மேல் ஸ்வஸ்திகா இருக்கும். மெல்லிய தகட்டை அச்சில் அடித்ததால் முதுகு குழிந்திருந்தது. ஊசிக்குக் கீழே பொடியாக 65 என்று குத்தியிருந்தது. அது இடார்-ஓபர்ஸ்டைன் ஊரின் கிளைன் அண்ட் குவென்சர் நிறுவனத்தின் எண். 30 என்றால் வியன்னா நாணயச்சாலை. எல் என்ற எழுத்தோடு வருகிற எண்கள் வேறு வரிசை. அவை 1941இல் உருவான தயாரிப்பாளர் சங்கம் கடை விற்பனைக்குக் கொடுத்தவை. எல்/11 என்றால் லூடன்ஷைட் நகரத்து டோய்மர் நிறுவனம்.

"நம்பரைப் பாத்து மயங்காதீங்க மாஸ்டர், அதை எவனும் குத்திடுவான். கீலைப் பாருங்க, கொக்கியைப் பாருங்க" என்றார் நானா. பிறகு தன் படக் கோப்பைத் திறந்து, அதே எண்ணுள்ள அசல் பதக்கத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தார். கீல் பற்றவைத்த விதம், கொக்கி வளைந்த வளைவு, ஹெல்மெட்டைச் சுற்றியிருக்கும் இலை வளையத்தின் ஓரம் எல்லாம் ஒத்துப்போயின. எண் எதுவும் குத்தாத பதக்கங்களும் நிறைய வரும். அவற்றின் சீட்டில் "செய்தவர் தெரியாது" என்று எழுதி, அதற்கேற்ப விலையையும் குறைத்திருக்கிறார். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான்.

அதே லாச்சியில் பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கமும் கிடந்தது. காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கு 1916 செப்டம்பரிலிருந்து கொடுத்தது. இதன் முதுகிலும் எண் உண்டு. ஆனால் அது பட்டறையின் எண் அல்ல, ஆளின் எண். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேட்டில் தேடினால் பெயரே கிடைக்கும். கண்டியைத் தலைமையகமாகக் கொண்டிருந்த தோட்டத் துரைமார் ரைபிள் படை 1914இல் எகிப்துக்குக் கப்பலேறி, அடுத்த வருசம் துருக்கியின் கலிப்பொலி வரை போனது. அதனால் நம் பக்கத்தில் இப்படி ஒன்று கிடைத்தால் உடனே "இது இன்ன தோட்டத்துத் துரையுடையது" என்று கதை கட்டிவிடுவார்கள். நானா கட்டுவதில்லை. எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்கிறார். அந்த எண்ணைத் தடவிப் பார்த்தபோது, தேயிலை ரோலரில் விரல்களை இழந்த என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் பெயர் செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப் பதிவைத் தவிர வேறெங்கும் பதிவாகவில்லை.

குறையும் இருக்கிறது. சில பதக்கங்களைப் பிராஸோ என்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார். ஒன்றில் எண்ணின் பள்ளத்துக்குள் வெள்ளைப் பொடி இறுகிக் கிடந்தது. கறுப்புப் பூச்சும் விளிம்பில் போயிருந்தது. பழைய பூச்சு போனால் திரும்ப வராது. நேரில் சொன்னேன், இனித் தேய்ப்பதில்லை என்றார். தேய்த்ததை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

வெளிச்சமும் போதாது. காலையிலேயே போய், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த 65க்கு 17,500 ரூபாய் கொடுத்தேன். பேரம் கிடையாது. பில்லில் எண், உலோகம், செய்த நிறுவனம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால்தான் எழுதுவார், ஆனால் முகம் சுளிக்காமல் எழுதுவார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை பூட்டியிருக்கும்.