சென்சார் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஸ்கேனர்

ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் அமைப்பு) விளக்கு மூன்று வாரமாக என்னோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பினால் எரியும். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடும். போனதும் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொள்வேன். நான்காவது வாரம் அது நிரந்தரமாகக் குடிவந்த பிறகுதான் வண்டியின் கோளாறுகளைப் படித்துச் சொல்லும் இந்த ஸ்கேனரை வாங்கினேன்.

அதற்கு முன் நண்பரிடமிருந்து ஒரு புளூடூத் ரீடரை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தேன். "கோளாறு எதுவும் இல்லை" என்றது. எதிரே விளக்கு பளிச்சென்று எரிகிறது! அதன்மேல் தப்பில்லை. சாதாரண ஓபிடி2 (வண்டியின் கோளாறு படிக்கும் பொதுத் தரம்) ரீடர்கள் இன்ஜின் பக்கத்துக் கோடுகளை (கோளாறுக் குறியீடுகளை), அதாவது 'பி' எழுத்தில் தொடங்குபவற்றைத்தான் படிக்கும். பிரேக், சஸ்பென்ஷன் சமாச்சாரம் எல்லாம் 'சி' எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்க ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் கணினியான மாட்யூலோடு பேசத் தெரிந்த கருவி வேண்டும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ஏபிஎஸ் என்று இருந்தால் மட்டும் போதாது, உங்கள் வண்டி மாடலுக்கு அது வேலை செய்யுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, வயர் உள்ள வகை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி இக்னிஷனை ஆன் செய்தால் அதிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிறது, பேட்டரி போடத் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்குள் கோடு வந்துவிட்டது: சி0035. முன் இடது சக்கரத்தின் வேக சென்சார் சர்க்யூட்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியாகப் படிக்கவில்லை. 'சென்சார்' என்றதுமே புது சென்சாருக்கு ஆர்டர் போடக் கை போய்விட்டது. சர்க்யூட் என்றால் சென்சாரும் உண்டு, அதிலிருந்து கிளம்பும் வயரும் உண்டு, கனெக்டரும் உண்டு. கோளாறு எந்தத் தெருவில் என்று கோடு சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது. என்னைக் காப்பாற்றியது இந்தக் கருவியில் இருக்கும் லைவ் டேட்டா. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் தனித்தனியாக, அந்தந்த நொடியில் காட்டுகிறது.

கைபிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, முன் இடது பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள்.) மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து ஸ்கேனரைக் கையில் கொடுத்தேன். நான் சக்கரத்தைச் சுற்ற, அவள் வாசித்தாள்: "மூணு... நாலு... மூணு..." சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. அப்புறம் ஸ்டீயரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடிக்கச் சொல்லி மறுபடி சுற்றினேன். "அப்பா, பூஜ்யம். நீங்க சுத்துறீங்களா?" சுற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

மாட்டிக்கொண்டது வயர். என் வண்டியில் சென்சார் தனி, அதிலிருந்து பாடிக்குப் போகும் வயர் தனி. பல வண்டிகளில் இரண்டும் ஒரே உருப்படியாக வரும். இரண்டு பக்கமும் கழற்றி, உள்ளே இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை வைத்தேன். நேராக இருக்கும்போது பீப் அடித்தது, வளைத்தால் நின்றது. மேல் ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தன. பற்றவைத்து ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மடங்குகிற இடத்தில் ஈயம் விறைத்து, பக்கத்திலேயே மறுபடி ஒடியும். அந்த வயர் துண்டையே புதிதாக வாங்கி மாற்றினேன், பழைய கிளிப்புகள் இருந்த அதே இடங்களில் மாட்டி. கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று போய் வந்தேன். விளக்கு இக்னிஷன் போட்டதும் வழக்கம்போல எரிந்து அணைந்தது, வளைவுகளிலும் வரவில்லை.

சரி, கருவியின் குறைகள். வெயிலில் திரை தெரியவே தெரியாது, துண்டைப் போட்டு மூடித்தான் பார்க்க வேண்டும். வயர் குட்டை, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்க்க முடிந்திருந்தால் மகளை எழுப்பியிருக்க வேண்டாம். படிக்கிற பட்டனுக்கு ஒட்டினாற்போல அழிக்கிற பட்டன். அவசரத்தில் கோடை எழுதிவைக்கும் முன்பே அழித்துவிட்டால் கோளாறு திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் கோடு வந்ததும் முதலில் போனில் படம் எடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று, இது கருவியைப் பற்றியது இல்லை. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், திடீரென அழுத்தும்போது சக்கரம் லாக் ஆகலாம், அவ்வளவுதான். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஸ்கேனரைத் தேடாதீர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அதற்குமேல் வீட்டு வேலை இல்லை.

ஏபிஎஸ் பம்பை இயக்கி அதற்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும் வசதி இந்த மாடலில் கிடையாது. கோடு படிக்க, லைவ் டேட்டா பார்க்க மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். எனக்கு அடுத்து பிரேக் ஆயில் மாற்றும் வேலை இருக்கிறது. வழியில் பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.